வேறு பெயர்கள் இருந்தால் குறிப்பிடவும்

1

அமெரிக்காவில் நான் இருக்கும் மாநிலத்தின் சட்டசபையில் ஒரு மசோதா பரிசீலனையில் இருக்கிறது. திருச்சியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எனக்குத்தான் மாதக்கணக்கில் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டீயைப் போட்டு வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோகிறேன். காரைப் பூட்டினேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

மசோதா சொல்வது இதுதான். லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்கிற எல்லோரும், அதாவது நர்ஸ், பல் டாக்டர், முடி வெட்டுகிறவர், ஆபரேஷன் ஆன முழங்காலை மடக்கி நீட்டக் கற்றுத்தரும் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட், அத்தனை பேரும் அடுத்த முறை லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது பத்து விரல் ரேகையும் தர வேண்டும். பின்னணி விசாரணைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் அந்த ஊர்ப் போலீஸிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். பொய் சொன்னது பின்னால் தெரியவந்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு எந்த வேலையும் தெரியாது.

இது அநியாயம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் டாரத்தி என்று ஒருவர் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, தனியாக வாழ்கிறார், வாரம் இரண்டு நாள் அவர் வீட்டுக்கு நான் போகிறேன். வாசல் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தபடி எனக்காகக் காத்திருப்பார். மசோதாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உன்னை எனக்குத் தெரியும் மாலதி, உனக்குப் பதிலாக வேறு யாராவது வந்தால் அவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தபோது, பார்த்துக்கொள்ள வந்த ஆயாவைப் பற்றி நான் போனில் அண்ணனைக் குடைந்தெடுத்தது நினைவுக்கு வந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பெண், முன்பு எங்கே வேலை பார்த்தாள் என்று ஒன்றையும் விடவில்லை. அதனால் டாரத்தியின் காலை உயர்த்திப் பிடித்து வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் கிளினிக் மேனேஜர் முன்ஜாக்கிரதைப் பேர்வழி. மசோதா நிறைவேறுவதற்கு முன்பே, அதோடு இணைத்திருந்த மாதிரிப் படிவத்தை எங்கள் எல்லோருக்கும் கொடுத்து, நிரப்பிப் பாருங்கள், என்னென்ன காகிதம் வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். முதல் பத்துக் கேள்விகளுக்கும் கடகடவென்று ‘இல்லை’ போட்டேன். பதினொன்றாவது கேள்வி: எந்த நாட்டிலாவது, வழக்கு நடக்காவிட்டாலும்கூட, நீங்கள் கைது செய்யப்பட்டதுண்டா? பன்னிரண்டாவது: வேறு பெயர்கள் இருந்தால் குறிப்பிடவும்.

பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த அறைக்குத் திரும்பவில்லை. ஏதோ நோயாளி அழைத்துவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

2

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், உறையூரில் எங்கள் தெருவுக்குப் பதினொரு நாளாகத் தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தெரு வரைக்கும் லாரி வந்தது, எங்கள் தெருமுனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. பன்னிரண்டாம் நாள் காலையில் சரோஜா அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, இன்றைக்கு ஒரு பஸ்ஸும் நகரக்கூடாது என்று தெருவுக்கே அறிவித்தார்.

நான் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பையில் வெள்ளைக் கோட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம். கோட்டை வீட்டில் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் பதினேழாம் நம்பர் வீட்டு ஜன்னலில் கவிதாவைக் கூப்பிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். மடியில் கைடு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "நான் வரலடி, எனக்குப் பரீட்சை இருக்கு, நீ போயிட்டு வா" என்றாள். அரசு வேலைப் பரீட்சைக்கு அவள் அப்போதே வெறி பிடித்த மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.

மறியல் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. காலிக் குடங்களை வரிசையாக வைத்து நடுரோட்டில் உட்கார்ந்தோம். சத்திரம் பஸ் நிலையம் பக்கம் போகிற பஸ்கள் எங்களுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவ்வளவு பெரிய வண்டிகளை நான் நிறுத்தியிருக்கிறேன் என்று நினைக்கவே ஜோராக இருந்தது. பதினொரு மணிக்குப் போலீஸ் வந்தது. "வேன்ல ஏறுங்கம்மா" என்றார்கள், ஏறினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் மணமக்கள் பெயர்கள் தெர்மாகோல் எழுத்தில் மேடையில் அப்படியே இருந்தன. மின்விசிறி ஓடியது. மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. சரோஜா அக்கா அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து எங்களோடு மறுபடியும் கைதானார்.

சாப்பாட்டுக்கு முன் ஏட்டு ஒருவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண். எனக்கு முன்னால் நின்றவர் கண் இமைக்காமல் தன் மாமியார் பெயரைக் கொடுத்தார். அவருக்கு முன்னால் நின்றவர் ஏதோ ஒரு அம்மன் பெயரைச் சொன்னார். மறியல் நோட்டில் உண்மைப் பெயரைக் கொடுப்பவர் விவரம் தெரியாதவர் என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். என்னைப் பெண் பார்க்க அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருவதாக இருந்தார்கள். என் முறை வந்தது. வாயில் வந்தது அவள் பெயர். கவிதா, தகப்பனார் கோவிந்தராஜ், பதினேழாம் நம்பர்.

சாயங்காலம் அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆறு மணிக்கு விட்டார்கள். வீட்டில் அப்பா போட்ட சத்தத்தில் அது மறந்துபோயிற்று. அடுத்த வாரம் சேகருக்கும் எனக்கும் நிச்சயமானது. அதன் பிறகு நான் அதைப் பற்றி யோசித்த நாள் ஒன்றுகூட இல்லை.

3

இங்கே ஒரு வக்கீல் முதல் அரைமணி நேரம் இலவசமாகப் பேசுவார். அவரிடம் போனேன். உங்களைக் கைது செய்தார்களா என்று கேட்டார். பேப்பரில் அப்படித்தான் போட்டார்கள் என்றேன். சிறையா? இல்லை, கல்யாண மண்டபம். கைவிலங்கு? தக்காளி சாதம். அங்கிருந்து நீங்கள் விரும்பினால் போயிருக்க முடியுமா என்று கேட்டார். சரோஜா அக்கா போய்விட்டு வந்ததைச் சொன்னேன். போனவர் ஏன் திரும்பி வந்தார் என்று கேட்டார். அதை எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், உங்கள் பெயர் அங்கே எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால் இங்கே எந்தப் பெட்டியிலும் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பினார்.

வீட்டில் என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, நான் பேசும் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், ஊருக்குப் போகலாம் என்றால் போன வருஷம்தானே போனோம் என்கிறாள். இந்தக் கதையை அவளிடம் சொன்னதும் முதல் முறையாக என்னை ஓர் ஆளாகப் பார்த்தாள். என் அம்மா போராளி என்று தோழிகளுக்கெல்லாம் செய்தி போனது. காலேஜ் விண்ணப்பக் கட்டுரைக்கு இதையே எழுதப்போகிறாளாம். என் பெயருக்குப் பதில் சிநேகிதி கவிதாவின் பெயரைக் கொடுத்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

4

ஜூலையில் அம்மாவின் திதிக்கு ஊருக்கு வந்தேன். போலீஸ் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடலாம் என்று எண்ணம். அண்ணன் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கொடுத்தார். ஆனால் பழைய விலாசம், பழைய ரேஷன் கார்டு என்று ஏதோ இடித்தது, நேரில் வரச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் கவிதாவிடம் போனில் புலம்பினேன். "நீ தனியாப் போகாத, நான் வரேன்" என்றாள்.

கவிதா கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போய்விட்டவள். அடையவளஞ்சான் வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து பிளவுஸ் தைக்கிறாள். பங்குனி உற்சவம், வைகுண்ட ஏகாதசி என்றால் மூச்சுவிட நேரமிருக்காது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை பார்ப்பேன், சாக்லேட் கொடுப்பேன், போட்டோ எடுத்துக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் சிநேகம் என்று ஆகியிருந்தது.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரத்தில் வந்து இறங்கினாள். அங்கிருந்து ஆட்டோவில் போலீஸ் அலுவலகம் போனோம். வாசலில் நான் தயங்கி நிற்க, அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். இந்த ஜன்னலில் கேட்கக்கூடாது, அந்த மாடிக்குப் போ, மூன்றாவது டேபிளில் கையெழுத்து வாங்கிவிட்டு முதல் டேபிளுக்கு வா என்று எனக்கு வழி சொன்னாள். எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இங்கதான்டி குடியிருந்தேன். ஆளுங்க மாறிட்டாங்க, டேபிள் மாறல" என்றாள்.

மரப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தபோது மீதியைச் சொன்னாள். நான் அமெரிக்கா போன ஐந்தாம் வருஷம் அவள் அந்தப் பரீட்சையில் தேறினாள். வேலைக்கு ஆணை வருவதற்கு முன் போலீஸ் விசாரணை நடந்தது. அதில் அவள் மேல் ஒரு வழக்கு நிலுவையில் இருப்பதாக வந்தது. மறியல் அன்று ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதனால் அந்த ஒரு தடவை மட்டும் ஏட்டின் நோட்டில் இருந்த பெயர்களையெல்லாம் வைத்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். மாமியார்களையும் அம்மன்களையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. விலாசத்தோடு சரியாக இருந்த சில பெயர்களில் அவளுடையது ஒன்று.

"உன் பேரு, உங்க அப்பா பேரு, கதவு நம்பர் எல்லாம் சரியா இருக்கேம்மான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? ரோட்ல உக்காந்திருந்தா நாலு பேரு பாத்திருப்பாங்க. வீட்ல உக்காந்து படிச்சிட்டிருந்தத யாரு பாத்தா?"

நான் பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மடியில் இருந்த கைடின் அட்டை நிறம்கூட எனக்கு நினைவிருந்தது.

பிறகு அரசாங்கம் அந்த மாதிரி மறியல் வழக்குகளை மொத்தமாக வாபஸ் வாங்கியதாம். அதற்குள் அவளுடைய தேர்வுப் பட்டியல் காலாவதியாகிவிட்டது. அடுத்த பரீட்சைக்கு வயது தாண்டிவிட்டது. யாரோ போலீஸில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அவள் அப்போதும் நினைத்தாள், இப்போதும் நினைக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளிடம் கோபம் இல்லை. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் எனக்குக் கொடுத்தாள்.

அம்மா ஒருமுறை போனில், "கவிதாவுக்கு அந்த வேலை கிடைக்கலையாம்" என்று சொன்னது எனக்கு அந்தப் பெஞ்சில் ஞாபகம் வந்தது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, சாம்பார் பொடி அனுப்பியாச்சா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

அன்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. மாலதி என்ற நபரின் மேல் எந்தக் குற்றப் பதிவும் இல்லை என்று, முத்திரையோடு, சுத்தமாக. அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன், அவளிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவள் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அளவு நாடாவை எடுத்து, "கையை நீட்டு" என்றாள். நீட்டினேன். "இளைச்சுட்டடி, அங்க சாப்பிடறியா இல்லையா" என்று கேட்டுக்கொண்டே அளவெடுத்தாள். நான் விமானம் ஏறுவதற்கு முன் பிளவுஸ் தைத்து அண்ணன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

5

திரும்பி வந்த மாதம் மசோதாவின் மேல் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு நாள் குறித்தார்கள். பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிஷம் பேசலாம். எதிராகப் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே விளங்கவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். கார் லைசென்ஸ் வாங்க நிலா இத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்பதால் அவள்தான் மாநிலத் தலைநகர் வரை காரை ஓட்டினாள்.

சட்டசபைக் குழுவின் ஒன்பது உறுப்பினர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு தகப்பன். அவருடைய மகளை ஒரு மசாஜ் நிலையத்தில் ஓர் ஆள் தொந்தரவு செய்திருக்கிறான். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே பிடிபட்டவன் அவன், அது இங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அவருக்குப் பிறகு போய் மைக் முன்னால் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் கவிதாவைப் பற்றிப் பேசினேன். என் ஊரில் ஒரு பெண், குடிதண்ணீர்ப் போராட்டத்தில் யாரோ ஒருவர் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார், அந்தக் காகிதத்தால் அவளுக்குக் கிடைத்த வேலை போயிற்று, தூரதேசத்துப் போலீஸ் காகிதத்தை நம்பி மனிதரை எடைபோடாதீர்கள். நன்றாகவே பேசினேன். ஒரு பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அவர் கேட்டார்: "பெயரைக் கொடுத்த அந்த நபர் யாரென்று பிறகு தெரியவந்ததா?"

"இல்லை" என்றேன்.

வருத்தமாக இருக்கிறது, நன்றி என்றார். என் நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

காரில் ஏறியதும் நிலா பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள், சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, எத்தனையோ மாதத்துக்குப் பின், தமிழில் கேட்டாள். "அம்மா, அந்த கவிதா ஆன்ட்டிதானே உனக்கு பிளவுஸ் தைச்சுக் குடுத்தாங்க?"

ஆமாம் என்றேன். அவள் வண்டியை எடுத்தாள். காலேஜ் கட்டுரையில் அவள் இப்போது கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறாள்.

6

மறுநாள் காலை, அங்கே சாயங்காலம், கவிதாவைக் கூப்பிட்டேன். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. குசலம் விசாரிக்க விடாமல் ஒரே மூச்சில் சொன்னேன். ஏட்டு, நோட்டு, பதினேழாம் நம்பர். பாதியில் மிஷின் நின்றது. நான் சொல்லி முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உங்க வீட்டுக்கும் வந்தேன்டி" என்றாள் கடைசியில். "அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்னு மாலதிக்குத் தெரியும், அவகிட்ட ஒரு லெட்டர் வாங்கித் தாங்கன்னு உங்க அம்மாகிட்ட கேட்டேன். அவளே இப்பதான் பிள்ளை பெத்திருக்கா, போலீஸ் கேஸ்னு சொல்லிப் பயமுறுத்தாதன்னாங்க. நானும் விட்டுட்டேன்."

நான் அழுதேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மன்னிச்சிடு கின்னிச்சிடுன்னு எல்லாம் என்கிட்ட சொல்லாத. எழுதிக் குடு."

இப்போது எழுதி என்ன ஆகும், வழக்கும் முடிந்துவிட்டது, வேலையும் போய்விட்டதே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஃபைல்ல இருக்கணும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எழுதினேன். தமிழில், என் கையெழுத்தில், ஒரே பக்கம். அன்று சாலையில் உட்கார்ந்தது நான், மண்டபத்தில் அந்தப் பெயரைச் சொன்னது நான், அந்த நேரத்தில் கவிதா அவள் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கீழே என் முழுப்பெயர், அப்பா பெயர், அப்போதைய கதவு எண், இப்போதைய விலாசம். கூரியரில் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினேன்.

அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி, லைசென்ஸ் வாரியத்துக்கும் சட்டசபைக் குழுவுக்கும் தலா ஒன்று அனுப்பினேன். குழுவுக்குப் போனதில், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய் என்று முதல் வரியிலேயே போட்டேன். வாரியத்துக்குப் போனதோடு அந்த மாதிரிப் படிவத்தையும் இணைத்தேன். பதினொன்றுக்கு ‘ஆம்’. பன்னிரண்டுக்கு, கவிதா. வக்கீல் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னது உண்மைதான். மசோதாவை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்தப் படிவம் இன்னும் சட்டப்படி படிவமே இல்லை.

வாரியத்திலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. என் விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம். சேகர் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, வேறு வேலை பார்க்க வேண்டியிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டாரத்தியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருந்தேனே, சாவி கிடைத்ததா என்று அவர் கேட்டார். கிடைத்தது என்றேன். எழுந்து நிற்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கவிதாவிடமிருந்து மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை போனில் ஒரு படம் வந்தது. என் கடிதம்தான். தலைப்பில், வலது மூலையில், அந்தப் போலீஸ் அலுவலகத்தின் வட்ட முத்திரை, ‘பெறப்பட்டது’ என்ற வார்த்தை, தேதி. எந்த டேபிளில் கொடுத்தால் வேலை நடக்கும் என்று அவளுக்குத் தெரியுமே. அவள் ஒரு வார்த்தையும் எழுதி அனுப்பவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத்தின் அடியில், என் பெயருக்குக் கீழே, துணியில் குறி போடுகிற நீலச் சாக்கால் ஒரு கோடு இழுத்திருந்தாள்.